ஸ்காட் சாலையில் நம் முகங்கள்

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக்குப் பந்திங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தமிழர்கள் ஆண்டு முழுவதும் வந்துபோகிறார்கள். கந்தசுவாமி கோவிலுக்கு வருகிறார்கள். திருமணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள் வாழையிலைச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதே சாலையில், 8ஆம் எண் கட்டடத்தில், வெய்-லிங் ஓவியக்கூடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அனுரேந்திரா ஜெகதேவாவின் ஓவியங்களைத் தொடர்ந்து காட்சிக்கு வைத்துவரும் கூடம் அது. 1965இல் ஜொகூர் பாருவில், இலங்கைத் தமிழ் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஓவியம் கற்றார், சட்டமும் படித்தார், நாளிதழில் எழுதினார், ஓவியக் காட்சிகளைத் தொகுக்கும் பணியிலும் இருந்தார். ஜெ. அனு என்ற பெயரில் இந்நாட்டு ஓவிய உலகம் அவரை நன்கு அறியும். ஆனால் அவர் வரையும் முகங்கள் யாருடையவையோ, அந்தச் சமூகத்தில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. நம் காலத்து மலேசியத் தமிழரைப் பற்றிய முக்கியமான ஆவணங்களுள் ஒன்றாக அவருடைய ஓவியங்களை நான் கருதுகிறேன். நாம் அவற்றைப் பார்க்காமல் இருப்பதற்கு, ஓவியத்தை அளக்க நாம் பழகிவைத்திருக்கும் அளவுகோலும் ஒரு காரணம்.

மனித முகத்தை வரைந்த ஓவியத்தைக் கண்டதும் நம் வாயிலிருந்து வரும் முதல் பாராட்டு, ‘அப்படியே போட்டோ எடுத்த மாதிரி இருக்கு’ என்பதுதான். கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் பிறந்து, 2021இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜாவின் படைப்புகளை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்து வியந்தது இப்படித்தான். கறுத்த மேனியுடைய கிராமத்துப் பெண்களை அத்தனை ஒளியோடு வரைந்த அந்தக் கை போற்றத்தக்கது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒப்புமை ஒன்றையே அளவாகக் கொண்டால், கே. எம். ஆதிமூலத்தை என்ன செய்வது? காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் தீட்டிய காந்தி கோட்டோவியங்கள் நூறளவு இருக்கும். அவற்றில் கோடு அறுந்து நிற்கிறது, சுழல்கிறது, சில இடங்களில் கிறுக்கல் போலவே ஓடுகிறது. எந்த ஒளிப்படத்தோடும் அவை பொருந்தா. இருந்தும் அந்தக் கோடுகளுக்குள் இருப்பவர் காந்திதான் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். அவருடைய பிடிவாதத்தையும் களைப்பையும் அந்தக் கோடுகள் சொல்லும் அளவுக்குப் பல ஒளிப்படங்கள் சொல்லவில்லை.

இந்தப் பார்வை நமக்கு அந்நியமானதும் அன்று. தோட்டத்துக் கோவிலில் முனியாண்டிச் சிலையின் உருண்ட விழியையும் முறுக்கிய மீசையையும் பார்த்து, ‘எந்த மனிதனுக்கு இப்படிக் கண் இருக்கும்?’ என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கண் காவலைச் சொல்கிறது, கோபத்தைச் சொல்கிறது, அது போதும். சிலை முழுதும் முடிந்த பிறகும் கண் திறக்கும் வரை அதைக் கல்லென்றே கொள்வது நம் சிற்ப மரபு. பந்திங்கிற்கு அருகிலுள்ள கேரித்தீவில் மா மெரி மக்கள் செதுக்கும் மரமுகமூடிகளைப் பாருங்கள். ‘மோயாங்’ என்று அவர்கள் வணங்கும் முன்னோர் ஆவிகளுக்குத் தனித்தனி முகம் இருக்கிறது, தனித்தனிக் கதையும் இருக்கிறது. கோணிய வாய், பிதுங்கிய கண், நீண்ட மூக்கு எதுவும் அழகுக்காகச் செதுக்கப்பட்டதில்லை. அந்த முன்னோர் இன்னார் என்று அடையாளம் காட்டவே செதுக்கப்பட்டது. தம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் வேண்டும் என்று உறுதியாக நின்ற ஒரு சிறிய சமூகம் நம் பக்கத்திலேயே வாழ்கிறது.

நம் முன்னோருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரை மையமாகக் கொண்டு இயங்கிய லாம்பெர்ட் நிறுவனம் போன்ற படநிலையங்கள், இங்கு வந்திறங்கிய தமிழரைப் படம் எடுத்து விற்றன. அந்தப் படங்களில் பெயர் இருக்காது. ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலிகள்’ என்பதுபோன்ற குறிப்புதான் இருக்கும். இன்னொரு ஆளை நிறுத்தியிருந்தாலும் குறிப்பு மாறியிருக்காது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு சேர்த்து ஒரு கோரிக்கை வைக்கப்பட்டது. துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. தலை நிமிர்ந்து, முகத்துக்கு முகம் பார்க்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, ஐவர் உயிரிழந்தனர். அந்த ஐவரின் முகம் நம் பிள்ளைகளின் மனத்தில் இல்லை. இந்தக் குறை ஒளிப்படத்தோடு முடியவில்லை, தூரிகையிலும் தொடர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனத்துக்காக உசேன் ஏனாஸ் மலேசிய மக்களை வரைந்த வரிசை கைத்திறனில் சிறந்தது. ஆனாலும் அந்தப் படங்களில் பலவற்றில் நம் கண்ணில் முதலில் படுவது உடையும் இனமும்தான். ஆள் அதற்குப் பிறகுதான் தெரிகிறார்.

ஜெ. அனு இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்தவர் என்பதற்கு அவருடைய தலைப்புகளே சான்று. 2001இல் அவர் படைத்த ஒன்றின் தலைப்பு, ‘ஓடும் இந்தியர்களும், 25 தேய்வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாறும்’ என்று பொருள்படும். பால்மரம் வெட்டுபவர், குடிகாரர், குண்டர், வக்கீல் என்று நம்மைப் பற்றிப் பிறரும் நாமுமே சொல்லிச் சொல்லித் தேய்ந்த வழக்குகள் எத்தனையோ உண்டு. அந்தத் தேய்வழக்குகள் இருப்பதை மறைக்காமல் எடுத்து மேசைமேல் வைக்கும் துணிவு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. ‘என் கடவுள் என் லோரி’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் வைத்த காட்சி, சாதாரண மனிதர்களை வீரர்களைப் போல வரைய முயன்றது. அவருடைய உருவங்கள் பெரும்பாலும் நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன. அழுத்தமான வண்ணம், காலண்டர் சாமிப்படத்தை நினைவூட்டும் அலங்காரம், பக்கத்திலேயே அரசியலும் நாளிதழ்ச் செய்தியும் என்று எல்லாம் ஒரே பலகையில் நெருக்கியடித்து நிற்கும். நம் வீட்டுச் சாமிமேடையும் அப்படித்தானே இருக்கிறது? லட்சுமிக்குப் பக்கத்தில் தாத்தாவின் படம், அதற்குக் கீழே பிள்ளையின் பட்டமளிப்புப் படம். தெய்வத்தை வரைவதற்கென்று வைத்திருந்த மரியாதையை அவர் அடுத்த வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுக்கிறார். இன்னொரு படைப்புக்கு ‘மணவறை’ என்ற நம் சொல்லையே உரோமன் எழுத்தில் பிரித்து எழுதிப் பெயராக்கி, திருமண மேடையையே ஓவியங்கள் தாங்கும் அமைப்பாக்கினார். உலக ஓவியச் சந்தையில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் நிறுத்தியது சிறிய செயல் அன்று.

கைப்பேசி வைத்திருப்பவர் எல்லாரும் நாளுக்குப் பத்துப் படம் எடுக்கும் காலத்தில் ஓவியர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படம் எடுக்க ஒரு நொடி போதும். வரைபவர் ஒரே முகத்தோடு நாள்கணக்கில் இருக்க வேண்டும். எதை விடுவது, எதை அழுத்துவது என்று ஒவ்வொரு கோட்டிலும் அவர் முடிவெடுக்கிறார். அந்த முடிவுகளின் தொகுப்புதான் ஓவியம். மலேசிய ஓவியர் ரெட்சா பியதாசா தம் ‘மலேசிய வரிசை’யில் பழைய படநிலைய ஒளிப்படங்களையே எடுத்துக்கொண்டு வேலை செய்தார். குடும்பப் படமாக மட்டும் இருந்தவை அவர் கைபட்ட பின் நாட்டின் வரலாறாக மாறின. 1888-89இல் ஆர்ல் நகரில் வான் கோ தம் நண்பரான அஞ்சல் ஊழியர் ரூலானைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த ஊரின் மேயர் எப்படி இருந்தார் என்று நமக்குக் கவலையில்லை, ஆனால் நீலச் சீருடையும் சுருண்ட தாடியுமாக ரூலானை உலகமே அறியும். இத்தகைய ஓவியம் வரையப்படுபவரைப் புண்படுத்தவும் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. 1954இல் சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அளித்த, கிரகாம் சதர்லண்ட் வரைந்த ஓவியம் சர்ச்சிலுக்குப் பிடிக்கவே இல்லை. பின்னர் அவர் மனைவியின் ஏற்பாட்டில் அது அழிக்கப்பட்டது. முதுமையை முதுமையாகவே வரைந்ததுதான் அந்த ஓவியத்தின் குற்றம். வரையப்படுபவரின் விருப்பமும் வரைபவரின் உண்மையும் முட்டிக்கொள்ளும்போது எளிய தீர்ப்பு கிடையாது. ஆனால் முகத்துதி ஓவியங்களால் நம் மண்டபச் சுவர்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வேலையும் வீடும் பிள்ளைகளின் படிப்புமே பெரும்பாடாக இருக்கும் சமூகத்துக்கு, வசதி படைத்தோர் வாங்கும், ஆங்கிலத் தலைப்பிட்ட ஓவியங்களால் என்ன பயன்? வாங்கும் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது என்பது உண்மை. அந்தக் கூடங்களும் தமிழில் ஒரு வரி விளக்கம் வைத்து நம்மை அழைத்திருக்கலாம், அதில் அவர்கள் பக்கம் குறை இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு வாங்க வேண்டியதில்லை. ஓவியக்கூடங்கள் பொதுவாகப் பார்வையாளரிடம் கட்டணம் கேட்பதும் இல்லை. அடுத்து, வறுமையோடு போராடும் சமூகத்துக்குத்தான் முகம் இன்னும் முக்கியம். நம்மை வகையாகவும் எண்ணிக்கையாகவும் பார்த்துப் பழகிய நாட்டில், ஆளை ஆளாகப் பார்க்க வைக்கும் எதுவும் ஆடம்பரம் ஆகாது. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களும் சம்பளத்தோடு சேர்த்துத்தான் அந்த மரியாதையைக் கேட்டார்கள்.

கோல லங்காட் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோவில் நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்றவர்கள், மங்குகளில் பாலை வடித்துக் கூட்டி வாளியில் சுமந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்குப் பதாகை அடிக்கும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஓவியம் கற்ற ஓர் இளைஞரை அழைத்து, அவர்களில் ஒருவரையாவது உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். படத்தின் கீழே அவர் பெயரை எழுதி மண்டபத்தில் மாட்டுங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை கந்தசுவாமி கோவிலுக்கு வரும்போது பிள்ளைகளோடு 8ஆம் எண் கட்டடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். உள்ளே எந்தக் காட்சி நடக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோவிலிலிருந்து நடந்தே போகும் தூரம்தான்.