வெள்ளாமைப் பணம் அசலுக்குப் போகட்டும்

கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘வட்டி எவ்வளவு?’, அடுத்து ‘மாசம் எவ்வளவு கட்டணும்?’. இரண்டும் கேட்க வேண்டியவைதான். மாதச் சம்பளக்காரருக்கு இந்த இரண்டு பதில்களே போதுமானதாக இருக்கலாம். கரிசல் பூமியில் அவை போதாது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் பணமாவது தை, மாசியில். தீப்பெட்டி வேலையில் கிடைப்பது பெரும்பாலும் வாரக் கூலி. அதுவும் அடைமழைக் காலத்தில் குறையும். இப்படி வருமானத்துக்குப் பருவம் உண்டு, தவணைக்குப் பருவம் இல்லை. அதனால் இங்குள்ள ஒரு குடும்பம் தன் கையில் பணம் எப்போது வருகிறது என்பதைப் பார்த்துத்தான் கடனின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வட்டி விகிதம் அதற்கு அடுத்ததாகத்தான் வர வேண்டும்.

கடன் விதிகளே இந்த வேறுபாட்டை ஒருபுறம் ஏற்றுக்கொள்கின்றன. குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய பயிர்க்கடன், இரண்டு பயிர்ப் பருவங்கள் கட்டப்படாமல் கிடந்தால்தான் வாராக்கடன் ஆகும். வீட்டுக்கடனோ 90 நாள் பாக்கி நின்றாலே வாராக்கடன். அதன்பின், அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிதரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வரலாம். மழை பொய்த்தாலும் சரி, மழையே அழித்தாலும் சரி, இந்தக் கணக்கு தானாக மாறாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை மானாவாரிப் பயிர்களை மூழ்கடித்தது. 2022 ஏப்ரலில் மூலப்பொருள் விலையேற்றத்தைக் கண்டித்துத் தீப்பெட்டி ஆலைகள் பல நாட்கள் மூடப்பட்டன. இந்த வட்டாரத்தில் இரண்டு, மூன்று மாதம் வருமானம் தடைபடுவது அபூர்வமான விபத்து இல்லை. கடன் வாங்கும்போதே எதிர்பார்த்துக் கணக்கில் வைக்க வேண்டிய செலவு அது.

ஆகவே நான் முன்வைக்கும் நெறி இதுதான்: மாதத் தவணையை முடிவு செய்யும்போது வெள்ளாமைப் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. கூலி, பால், கடை என்று குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வருகிற காசில், மிகவும் நெருக்கடியான மாதத்திலும் கட்ட முடிகிற தொகையே தவணையாக இருக்க வேண்டும். அதற்குத் தவணைக் காலம் நீண்டாலும் பரவாயில்லை. வெள்ளாமை வீடு வந்ததும் கையில் நிற்பதை நேரே அசலில் கட்ட வேண்டும். இதற்குப் பொருத்தமானது, குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடுகிற, மாறும் வட்டி வீட்டுக்கடன். தனிநபர்கள் வாங்கும் அத்தகைய கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே உத்தரவிட்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் ரூபாய்க் கடன், வட்டி 8.5% என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 9,850 ரூபாய். 20 ஆண்டுக்கு வாங்கினால் சுமார் 8,680 ரூபாய். நீண்ட கடனில் வட்டி மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் கூடுதலாகப் போகும் என்பதால், 20 ஆண்டு என்பது வங்கிக்குத்தானே லாபம் என்று கேட்கலாம். ஆண்டுதோறும் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அது உண்மை. ஆனால் 20 ஆண்டுக் கடனை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை 15,000 ரூபாயை அசலில் கட்டி வந்தால் அந்தக் கடனும் ஏறத்தாழ 15 ஆண்டில் முடிந்துவிடும். பெரிய வேறுபாடு கெட்ட ஆண்டில் தெரியும். 15 ஆண்டுக் கடனில் 9,850 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும், தவறினால் பாக்கி. 20 ஆண்டுக் கடனில் அந்த 15,000 ரூபாயைக் கட்டாமல் விட்டாலும் யாரும் கேட்க முடியாது. அறுவடைப் பணம் கையில் தங்காது, கல்யாணம், காதுகுத்து, பழைய கைமாற்று என்று கரைந்துவிடும் என்பவர்களின் கவலை நியாயமானது. ஆனால் கரைந்துபோகிற பணத்தை நம்பிப் பெரிய தவணைக்கு ஒப்புக்கொள்வது அதைவிட ஆபத்தானது.

வருமானமே நிலையில்லாதபோது வட்டியாவது நிலையாக இருக்கட்டுமே என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மாறும் வட்டியில் அபாயம் இருக்கிறது. மாறும் வட்டியை ஏற்றி இறக்கும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஏற்றத்துக்கு முன் 6.5% வீட்டுக்கடன் வட்டிக்கு, 20 ஆண்டுக்கு, 10 லட்சம் வாங்கியவருக்குத் தவணை சுமார் 7,456 ரூபாய். அதே 10 லட்சத்துக்கு 9% என்றால் முதல் மாத வட்டியே 7,500 ரூபாய். தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் வங்கி நீட்டிக்கொண்டே போனால் அசல் அசையாது. இதைத் தடுக்கத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்ற வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். நிலையான வட்டி பொதுவாகக் கூடுதல். பல கடன்களில் அது சில ஆண்டுகளுக்கே நிலையாக இருக்கும். முன்கூட்டி அடைத்தால் கட்டணமும் வரலாம். வெள்ளாமைப் பணத்தை அசலில் போட நினைப்பவருக்கு அந்தக் கட்டணம் வழியை அடைப்பதற்குச் சமம். ஆண்டுதோறும் அசலைக் குறைத்து வருபவரை வட்டி ஏற்றம் அந்த அளவுக்குக் குறைவாகவே தாக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கரிசலில் கடன் கெட்டுப்போகிற இன்னொரு இடம் அஸ்திவாரம். இந்த மண் ஈரத்தில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசலை ஆழமாகத் தோண்டி எடுத்து, மணலோ சரளையோ நிரப்பி, கான்கிரீட் பெல்ட் போட்டு எழுப்பாவிட்டால் சுவர் விரிசல் விடும். செம்மண் பூமிக் கணக்கில் மதிப்பீடு போட்டுக் கடன் வாங்கியவருக்கு, கடைக்கால் முடியும்போதே பணத்துக்குத் தட்டுப்பாடு வருகிறது. அந்த நேரத்தில் கைகொடுப்பது ‘வெறும் 10% ஃபிளாட் வட்டி’ என்று வருகிற கடன். அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி போடும் இந்த முறையில் 5 லட்சத்தை 10 ஆண்டுக்கு வாங்கினால் வட்டி மட்டுமே 5 லட்சம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 16% வட்டி. ஆகவே அஸ்திவாரச் செலவை முழுதாகச் சேர்த்து முதலிலேயே ஒரே வீட்டுக்கடனாகக் கேட்பது நல்லது. 2024 அக்டோபரிலிருந்து, ஆண்டு வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி எங்கே கடன் கொடுக்கிறது, பிறகு வகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது இருப்பதிலேயே கனமான மறுப்பு. உண்மைதான். கூலியும் விளைபொருள் பணமும் கையில் ரொக்கமாகப் புழங்கும்வரை வங்கிக்கு அந்த வருமானம் கண்ணில் படாது. கடன் கேட்பதற்கு ஓராண்டு முன்பிருந்தாவது அவை கணக்கு வழியாக வந்து போனால் வாசல் கொஞ்சம் திறக்கும். கோவில்பட்டி போன்ற நகராட்சிப் பகுதியில் வீடு வாங்குவோருக்கும் கட்டுவோருக்கும் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்குக் கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கிடைக்கும். அந்த மானியமும் அசலைக் குறைக்கப் போகிற பணம்தான்.

ஆனாலும் பொறுப்பு முழுவதையும் கடன் வாங்குபவர் தலையில் ஏற்றிவிட முடியாது. சுதந்திரப் பொன்விழா ஊரக வீட்டுவசதிக் கடன் திட்டத்தில் விவசாயிகள் வாங்கிய வீட்டுக்கடன்களுக்கு, திருப்பிச் செலுத்துவதைப் பயிர்ப் பருவத்தோடு இணைத்துப் பார்க்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தந்தன. அந்த ஏற்பாட்டை இன்றைய வீட்டுக்கடன்களுக்கும் விரிவாக்குவதில் என்ன தடை? கரிசல் வட்டாரங்களில் சிறிய மாதத் தவணை, மாசியிலோ பங்குனியிலோ ஒரு பெரிய தவணை என்று கடனை வடிவமைக்க வங்கிகளாலும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களாலும் முடியும். பயிர்க்கடன் கொடுக்கும்போது அறுவடைக்குக் காத்திருக்கத் தெரிந்த வங்கிக்கு, அதே விவசாயியின் வீட்டுக்காகவும் காத்திருக்கத் தெரிய வேண்டும். அந்த மாற்றம் வரும்வரை தவணையைச் சிறிதாக வைத்து, வெள்ளாமைப் பணத்தை அசலில் கட்டி வருவதே கரிசல் குடும்பம் தன் வீட்டைத் தன் கையில் வைத்திருக்கும் வழி.