காற்று இங்கே, மின்சார பஸ் எங்கே?

காலை எட்டரை மணி. நாகர்கோவில் மீனாட்சிபுரம் அண்ணா பஸ் நிலையம்.

ஒரு டவுண் பஸ் உள்ளே நுழைகிறது. அது நிற்பதற்குள் கூட்டம் ஓடுகிறது. ஜன்னல் வழியாக ஒரு துண்டு போகிறது. பின்னாலேயே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு புத்தகப் பை! இடம் பிடித்தாகி விட்டது. "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துகிறார். உள்ளே போக இடம் ஏது? படிக்கட்டில் பள்ளிக்கூடப் பையன்கள் தொங்குகிறார்கள்.

அந்த பஸ் வெளியே வந்ததும் வேகமாகப் போய்விடுமா? அதுவும் இல்லை. வேப்பமூடு, மணிமேடை, செட்டிக்குளம், கோட்டார் என்று எங்கே பார்த்தாலும் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ. கடை வாசலில் ஒரு லாரி சரக்கு இறக்கினால் போதும். அரை மணி நேரம் அம்போ!

கடைக்காரருக்கு வியாபாரம் போகிறது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மேலதிகாரியிடம் திட்டு. பஸ்சை நம்பி பயனில்லை என்று அவரும் கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறார். ரோட்டில் இன்னும் ஒரு வண்டி கூடுகிறது. பஸ் இன்னும் தாமதமாகிறது. இப்படியே போனால் எங்கே போய் முடியும்?

ஊர் எங்கே முடிகிறது?

குமரி மாவட்டத்தில் ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் கண்டுபிடிக்க முடியாது. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை வீடும் கடையும் கோர்த்த மாலை மாதிரி இருக்கும்.

2011 மக்கள் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் ஜனத்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான். 100 பேரில் 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். நாகர்கோவில் 2019ஆம் ஆண்டு மாநகராட்சியும் ஆகிவிட்டது.

ஆகவே போக்குவரத்து நெருக்கடி என்பது நாகர்கோவில் டவுணின் தலைவலி மட்டும் அல்ல. முழு மாவட்டத்தின் தலைவலி.

அகலப்படுத்த இடம் இல்லை

"ரோட்டை அகலப்படுத்து, பாலம் கட்டு" என்பது எல்லோரும் சொல்கிற வைத்தியம். கட்டாமலும் இல்லை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் 2018இல் பயன்பாட்டுக்கு வந்தன. பாலத்தின் மேலே நல்ல ஓட்டம்தான். கீழே இறங்கினால் பழைய ஆட்டம்தான்.

நான்கு வழிச்சாலை? அதுவும் வருகிறது. ஆனால் அது எதன் மேல் வருகிறது? குளத்தின் மேலும் வயலின் மேலும்! திருவாங்கூர் ராஜ்யத்துக்கே நெல் கொடுத்த பூமி நாஞ்சில் நாடு. அந்த வயல்கள் வீட்டு மனையாகிப் பாதி போயின. மீதி இருப்பதையும் ரோட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நல்ல ரோடு இருக்கும். ஊருக்குச் சோறு இருக்காது.

வெளியூர் லாரிகளுக்கு நான்கு வழிச்சாலை தேவைதான். ஆனால் தக்கலையில் இருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்கு வருகிறவருக்குத் தேவை, நேரத்துக்கு வரும் ஒரு பஸ்!

கணக்கு எளிது. ஒரு பஸ்சில் 50 பேர் போகிறார்கள். அந்த 50 பேரும் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் கிளம்பினால் 50 வண்டி. காரில் கிளம்பினால் கோட்டார் ரோடு முழுவதும் போதாது. வீட்டுக்கு வீடு பெட்ரோல் செலவு வேறு. புகை வேறு. விபத்து வேறு.

பஸ் ஊரின் சொத்து

இந்த மாவட்டத்துக்கும் சர்க்கார் பஸ்சுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது அல்ல. 1938இல் திருவாங்கூர் சர்க்கார் பஸ் விடத் தொடங்கியபோது, திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரோட்டைத்தான் முதலில் கையில் எடுத்தது. 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரிலேயே 1980களில் இங்கு போக்குவரத்துக் கழகம் ஓடியது. பெயர்கள் மாறின. இங்கே டவுண் பஸ் என்றால் இன்றும் அரசு பஸ்தான்.

2021 மே 8 முதல் சாதாரண டவுண் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. தோவாளையில் பூ கட்டுகிற பெண்ணுக்கும், ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். சின்னத் தொகை அல்ல.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் நடந்தது என்ன? மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான பெண்ணை, நாற்றம் அடிக்கிறது என்று பஸ்சை விட்டு இறக்கிவிட்டார்கள். நாடே கேட்டது. ஊழியர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். டிக்கெட் இலவசம் என்றால் மட்டும் போதாது. பஸ்சில் இடமும் வேண்டும், மரியாதையும் வேண்டும். கூட்டம் பிதுங்கும் பஸ்சில் இரண்டுமே கிடைக்காது. பயணி கண்டக்டர் மேல் எரிந்து விழுகிறார். கண்டக்டர் பயணி மேல் எரிந்து விழுகிறார். பஸ் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதிச் சண்டை தானே தீரும்.

காற்று சும்மா போகிறது!

இனி வாங்கும் பஸ் எப்படிப்பட்ட பஸ்சாக இருக்க வேண்டும்? இங்கேதான் குமரி மாவட்டத்துக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது.

ஆரல்வாய்மொழி கணவாயில் நின்று பார்த்தால் தெரியும். முப்பந்தல் வரை கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். 1980களில் தொடங்கியது. இன்று நாட்டின் பெரிய காற்றாலைக் கூட்டங்களில் ஒன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆடிக் காற்றில் மின்சாரம் பறக்கிறது. சீசனில் வருகிற மின்சாரத்தை முழுக்க எடுத்துக்கொள்ள முடியாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு.

அந்தக் கம்பிக்குக் கீழே ஓடுகிற பஸ் மட்டும் டீசல் புகையைக் கக்கிக்கொண்டு போகிறது. காற்று இங்கே, கரண்டு இங்கே. டீசலுக்கான கச்சா எண்ணெய் மட்டும் கடல் கடந்து கப்பலில் வருகிறது!

சென்னையில் 2025 ஜூன் 30ஆம் தேதி 120 தாழ்தள மின்சார பஸ்கள் ரோட்டில் இறங்கின. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 2022லேயே டவுணைச் சுற்றி மின்சார பஸ் ஓடத் தொடங்கியது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 1,125 மின்சார பஸ்கள் அறிவிக்கப்பட்டன. சென்னைக்கு 950. மதுரைக்கு 100. கோவைக்கு 75. நாகர்கோவிலுக்கு?

பூஜ்யம்!

மின்சார பஸ் விலை அதிகம் என்பது உண்மை. டீசல் பஸ்சைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் ஓட்டும் செலவு குறைவு; ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அந்த விலை திரும்பி வரும். பேச்சிப்பாறை, குலசேகரம் மலை ரோட்டில் எப்படி ஓடும் என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் மலைக்குப் போக வேண்டாமே! கன்னியாகுமரி, தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் ரூட்டில் ஓடட்டும். ராத்திரி டெப்போவில் சார்ஜ் ஏற்றட்டும். சுற்றுலாப் பயணிகளும் பார்க்கட்டும்.

தொழிலாளர்களின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சென்னையில் பஸ்சும் டிரைவரும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். இங்கே வரும்போது கழக டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே ஓட்டச் செய்வதுதான் நியாயம்.

ரெயிலும் பஸ்சும் பேசட்டும்

செலவில்லாமல் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது.

1979இல் திருவனந்தபுரத்தில் இருந்து ரெயில் வந்தது. 1981இல் திருநெல்வேலிப் பாதை திறந்தது. தினமும் கேரளத்துக்கு ரெயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். ராத்திரி ரெயிலை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போக பஸ் இல்லை. ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி. நாகர்கோவில் ஜங்ஷன், இரணியல், குழித்துறை ஸ்டேஷன்களில் ரெயில் நேரத்துக்கு ஒரு டவுண் பஸ் நிற்க என்ன தடை? ரெயில் அட்டவணையையும் பஸ் அட்டவணையையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தால் போதும். பஸ் போகாத சந்துகளுக்கு மினி பஸ் இருக்கிறது. 1997இல் வந்த திட்டம் 2025இல் புதுப்பிக்கப்பட்டது. அதை ஸ்டேஷனோடு இணைக்கலாம். கூடவே நடந்து போகிறவருக்கு ஒரு நடைபாதை. அதில் கடை போடாமல், வண்டி நிறுத்தாமல் இருந்தால் அதுவே பாதி நிவாரணம்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தோணியில் சரக்குப் போக ஏ.வி.எம். கால்வாய் வெட்டிய பூமி இது. 2016இல் அதில் 11 கிலோமீட்டரை 13ஆம் எண் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். பேரில் தேசிய நீர்வழி. நேரில் தூர்ந்து கிடக்கும் வாய்க்கால். அறிவிப்பு மட்டும் தோணியைத் தள்ளாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

மின்சார பஸ்சுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், மாநகராட்சி எல்லோரும் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்க வேண்டும். எத்தனை பஸ், எந்த ரூட், எந்தத் தேதி என்று கேட்க வேண்டும்.

பஸ்சில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிற ஊர் இது. அடுத்த பட்ஜெட்டிலும் இப்போதே ஒரு துண்டு போட்டு வைப்பது நல்லது!