சிமிழின் மேல் ‘இயற்கை’

தோல் நோய்களுக்கான மூலிகைக் களிம்புகள் இன்று அழகிய சிமிழ்களில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் மேற் பொறிக்கப்படுவது பெரும்பாலும் ஒரே வாசகம்: ‘முற்றிலும் இயற்கையானது’. இவ்வாசகம் எதனையும் கூறவில்லை என்பதே எமது வாதம். ஈயமும் இயற்கைப் பொருளே. பழைய களிம்பு முறைகளிற் பயிலும் மிருதாரசிங்கி என்பது ஈயவொட்சைட்டு. துருசு என்பது செப்புச் சல்பேற்று. பரியாரிமார் இத்தகைய சரக்குகளுக்குச் சுத்திமுறைகளை வகுத்திருந்தமையே அவற்றின் நச்சுத்தன்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். விற்பனையாளர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

குங்கிலிய வெண்ணெயை எடுத்துக்கொள்வோம். தீப்புண்ணுக்கு இடப்படும் இக்களிம்பிற் சேர்வன மிகச் சிலவே: குங்கிலியம், நல்லெண்ணெய், நீர். பொடித்த குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிக் கரைத்து, வடித்து, நீர் விட்டுப் பன்முறை கடைந்து கழுவ, அது வெண்ணெய் போலத் திரளும். எண்ணெயினுள் நீர் நுண்துளிகளாய்ச் சிறைப்படுவதனாலேயே அவ்வெண்மை தோன்றுகின்றது. புண்ணின் மேற் பூசியதும் குளிர்ச்சி தருவதற்கும் அந்நீரே காரணம். பிசின் தானாக வெண்ணெயாவதில்லை. மனிதக் கையும், கணக்கும், பொறுமையுமே அதனை மருந்தாக்கின. மஞ்சளும் அவ்வாறே. அதன் நிறப்பொருளான குர்க்குமின் நீரில் மிக அரிதாகவே கரையும். எனவே மஞ்சளை நெய்யிலும் எண்ணெயிலும் சேர்த்தமை வெறும் வழக்கமன்று; அனுபவத்தின் வழிவந்த அறிவு. இவ்வுழைப்பின் பெருமையை ‘இயற்கை’க்குத் தாரைவார்ப்பது, அதனைச் செய்தவனை மறைப்பதாகும்.

மறுபுறத்தில் வேறொரு கூட்டத்தினர் உளர். ‘எம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர், பின்னர் ஆய்வு எதற்கு?’ என மேடைதோறும் முழங்குவோர் இவர்கள். இவர்களுக்கு மஞ்சளின் வழக்கு ஒன்றே போதிய விடையாகும். புண்ணாற்றுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. எமது பாட்டிமார் அறிந்திருந்ததைப் பிறர் தமது கண்டுபிடிப்பு என உரிமை கொண்டாடினர். இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996இல் அதனை எதிர்த்தது. 1997இல் உரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. அவ்வெற்றியைத் தந்தது மேடை முழக்கமா? இல்லை. முப்பத்திரண்டு எழுத்துச் சான்றுகள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் இந்திய மருத்துவச் சஞ்சிகையொன்றில் 1953இல் வெளியான கட்டுரையும் ஒன்று. வாய்மொழிப் பெருமை அங்கே செல்லாக்காசு.

வயல் வரம்பில் முளைத்து எம் வீடுகளிற் சம்பலாகும் வல்லாரையின் கதை இன்னும் கசப்பானது. அதன் சத்தாகிய ஏசியாற்றிக்கோசைட்டினைப் பிரித்தெடுத்து, 1940களில் மடகஸ்காரில் ஆராய்ந்தவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள். ஐரோப்பாவிலே புண்ணாற்றும் களிம்பாக அது விலைபோகின்றது. நாமோ சம்பல் தின்று அதன் பெருமை பேசுகின்றோம்.

கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். முதல் வேலையே அவனுடையது என்பேன். களிம்பிற் சேரும் பொருள் யாது என்பது ஆய்வுகூடத்திற்குச் செல்லுமுன் ஒரு சொல்லின் பிரச்சினையாகவே உள்ளது. குங்கிலியம் எனும் பெயர் சால மரத்தின் பிசினுக்கு வழங்குகின்றது. கருங்குங்கிலியம் முற்றிலும் வேறான குடும்பத்து மரமொன்றிலிருந்து வருவது. ‘பிராமி’ என்ற பெயரோ வட இந்தியச் சந்தையில் வல்லாரைக்கும் வழங்கும், நீர்ப்பிரமிக்கும் வழங்கும். வாகடத்தைப் பாடியவர் எதனைக் கருதினார்? தவறான பொருளைச் சோதித்துவிட்டு, ‘பயனில்லை’ என்றோ ‘பயனுண்டு’ என்றோ முடிவு கூறுவதில் என்ன அறிவியல் இருக்கின்றது? பாடபேதம் நோக்கி, பிரதேச வழக்கை ஒப்பிட்டு, பொருள் துணிதல் தமிழ் கற்றவனின் தொழில். யாழ்ப்பாண அரசர் காலத்தொடு தொடர்புறுத்தப்படும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பெருமுயற்சியுடன் அச்சேற்றினார். அந்நூலை எமது தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் திறந்து பார்த்துள்ளோம்? காதற்பாட்டின் ஓர் அடைமொழிக்குப் பத்துப் பக்கம் எழுதும் நாம், செய்யுளாகவே இயன்ற மருத்துவ நூலை ‘இலக்கியமன்று’ என ஒதுக்குகின்றோம். இஃது இரசனையன்று, சோம்பல்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கல்வி 1984இல் தொடங்கியது. தாவரவியலும் இரசாயனவியலும் விஞ்ஞான பீடங்களிற் கற்பிக்கப்படுகின்றன. இவை தனித்தனிக் கூரைகளின் கீழ் ஒன்றையொன்று அறியாது கிடக்க, சிமிழ் வியாபாரி மட்டும் மூன்றின் பெயராலும் பேசுகின்றான். வரும் ஆண்டிலே எமது சங்கம் ஒரேயொரு களிம்பை எடுத்துக்கொள்ளட்டும். அதன் செய்யுளைத் தமிழ் மாணவரும், செடியைத் தாவரவியல் மாணவரும், செய்முறையைச் சித்த மருத்துவ மாணவரும் ஒரே மேசையில் வைத்து ஆராயட்டும். குங்கிலிய வெண்ணெயிலிருந்தே தொடங்கலாம். அதற்கு மூன்று பொருள்களே வேண்டும்.