தேம்ஸ் ஆறும் தலைவிதியும்

ஆற்றுக்கு ஒரு கரையில் பணக்காரனும் மறுகரையில் ஏழையும் இருப்பது கடவுள் சித்தம் என்று சொல்லும் பண்டிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. லண்டன் பட்டணத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்தப் புரட்டு வெட்டவெளிச்சமாகும்.

தேம்ஸ் ஆறு லண்டனை இரண்டாகப் பிரிக்கிறது. வடகரையில் அரண்மனை, பார்லிமெண்டு, வியாபாரிகளின் பட்டணம். 1209ல் கட்டி முடித்த கல்பாலத்துக்குப் பிறகு, 1750ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை, பட்டணத்துக்குள் வேறு பாலமே கிடையாது. அதாவது 541 வருஷம்! வடகரையார் தங்களுக்கு வேண்டாததையெல்லாம் தென்கரைக்குத் தள்ளினார்கள். தோல் பதனிடும் நாற்றம் அங்கே, சிறைச்சாலைகள் அங்கே, விபசார விடுதிகள் அங்கே.

அந்த விடுதிகள் யார் நிலத்தில் இருந்தன? வின்செஸ்டர் பிஷப்பின் நிலத்தில்! அவருடைய அதிகாரத்தின் கீழேயே, சட்டதிட்டங்களோடு நடந்தன. ஆனால் அந்தப் பெண்கள் செத்தால் கிறிஸ்தவ இடுகாட்டில் இடமில்லையென்று, பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக ஜான் ஸ்டோ என்பவர் 1598ல் எழுதி வைத்திருக்கிறார். பணத்துக்குத் தீட்டில்லை, பிணத்துக்குத்தான் தீட்டு!

நிற்க, பாலம் வந்த பிறகாவது யோக்கியமாக நடந்தார்களா? லாம்பெத் படகுத்துறையின் உரிமை கேன்டர்பரி ஆர்ச்பிஷப்புடையது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தால் வருமானம் போயிற்றென்று அவருக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. 1817ல் திறந்த வாட்டர்லூ பாலமோ ஒரு கம்பெனியின் சொத்து. நடந்து போகிறவனும் ஒரு பென்னி சுங்கம் கட்ட வேண்டும். கூலிக்காரனுக்குப் போக வர இரண்டு பென்னி. காசில்லாதவன் சுங்கமில்லாத பாலத்தைத் தேடிச் சுற்றி நடந்தான். 1878ல் பொதுப்பணத்தைக் கொண்டு பாலத்தை வாங்கிச் சுங்கத்தை எடுத்த பிறகே அந்தக் கொடுமை ஒழிந்தது.

"தென்கரை தாழ்ந்த சதுப்பு நிலம், அதனால்தான் ஏழைகள் அங்கே சேர்ந்தார்கள்" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். சதுப்பு என்பது வாஸ்தவமே. ஆனால் லண்டன் பாலத்தின் தென்கோடியில், அதே மண்ணில்தான், 2012ல் 310 மீட்டர் உயரத்துக்கு ஷார்டு என்னும் கண்ணாடிக் கோபுரம் எழும்பியது. மண்ணும் மாறவில்லை, ஆறும் மாறவில்லை. லாபம் வருமென்று தெரிந்ததும் முதலாளிக்குச் சதுப்பு உறுத்தவில்லை!

ஆகவே, தோழர்களே! ஆறு உயர்வு தாழ்வு பார்த்து ஓடுவதில்லை. ஏழையின் கரை அவன் தலைவிதி என்று எவனாவது சொன்னால், பாலம் யாருடையது, சுங்கம் யார் பைக்குப் போகிறது என்று கேளுங்கள். விதியை எழுதினவன் யாரென்று விளங்கிவிடும்.