பிள்ளையின் குதிகாலையும் பாருங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில் சொல்கிறேன்.

தெரபி மையத்து வாசலில் நாம் ஒருவரையொருவர் கேட்பது ஒரே கேள்விதான்: "பேச ஆரம்பிச்சுட்டானா?" படி இறங்குகிறானா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வயதில் நுனிக்காலில் நடந்தால் அழகு என்று வீடியோ எடுக்கிறோம். ஏழு வயதில் அதே நடைக்கு, "குதிகாலை ஊன்றி நடடா" என்று நாலு பேர் எதிரில் அதட்டுகிறோம். அதட்டலுக்குப் பயந்து எந்தக் குதிகாலும் தரையில் இறங்கியதில்லை.

இது பிடிவாதம் இல்லை. ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர், தான் பார்த்த பிள்ளைகள் சிலரின் நடை தடுமாற்றமாக இருப்பதை 1943-லேயே குறித்து வைத்தார். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி அவர்களின் பெற்றோர் தந்த பதில்களை அஞ்சனா பட் என்ற ஆய்வாளர் 2020-ல் தொகுத்தார். அவர்களில் சுமார் 87 சதவீதம் பேருக்கு உடல் அசைவில் சிக்கல் இருக்க வாய்ப்புண்டு என்று தெரிந்தது. உள்காது சொல்லும் சமநிலை, தசையும் மூட்டும் சொல்லும் நிலை, கண் காண்பது ஆகிய மூன்றையும் மூளை ஒன்றுசேர்த்தால்தான் உடம்பு தடுமாறாமல் நிற்கும். நம் பிள்ளைகள் பலருக்கு அது எளிதில் கூடிவருவதில்லை. சிலருக்குத் தரை உள்ளங்காலில் படுவதே பொறுக்காது.

ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கும் நமக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். நாளெல்லாம் நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு அந்தத் தசையும் குதிகால் நாணும் வருடக்கணக்கில் சுருங்கலாம். அதன்பின் அவனே நினைத்தாலும் குதிகால் ஊன்றாது. மாவுக்கட்டு, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று போகும். எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. ஒரு காலில் மட்டும் நுனிநடை, நன்றாக நடந்தவன் திடீரென மாறுவது, தரையிலிருந்து எழவே திணறுவது போன்றவை மூளை முடக்குவாதத்தின் அறிகுறியாகவோ தசைச் சிதைவு நோயின் அறிகுறியாகவோ இருக்கலாம். இவற்றைக் கண்டால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் டிரெய்லரும் கம்பெனி பஸ்ஸும் பறக்கின்றன; பிள்ளையை எப்படி வெளியே விடுவது என்கிறீர்கள். பயம் நியாயம்தான். அதற்காக லைன் வீட்டின் ஒற்றை அறையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கு பைக், வீட்டுக்கு வேன் என்று போனால் அந்தக் கால்கள் எங்கே பழகும்?

வயது தாண்டிவிட்டது என்றும் சொல்லாதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு 5 வயதில் தேறத் தொடங்கும் உடல் சமநிலை, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 12 வயதில்தான் தேறத் தொடங்குகிறது என்று நான்சி மின்ஷூ குழுவினரின் 2004 ஆய்வு காட்டியது. தாமதமாக வருகிறது என்றால் அதிக காலம் பழக்க வேண்டும் என்றுதானே பொருள்? ஆட்டிசம் உள்ள ஜியா ராய், 2022 மார்ச் 20 அன்று தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 13 மணி நேரம் கடலில் நீந்தி வந்தாள். அப்போது அவளுக்கு வயது 13. எல்லாப் பிள்ளையும் கடல் தாண்ட வேண்டாம். பஸ் படியில் தடுமாறாமல் ஏறினால் போதும்.

அதற்கு வேண்டியதெல்லாம் நம்மிடமே இருக்கிறது. மணலிலும் புல்லிலும் வெறுங்கால் நடை, ஊஞ்சல், நொண்டி, பாண்டி, சைக்கிள், கடைப் பையைச் சுமந்து வருவது. வாயால் சொல்லிக்கொண்டே இருக்காமல் செய்து காட்டுங்கள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போனால் கையை விடாதீர்கள். நம் பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும். கையை உதறுவதையும் சுற்றுவதையும் நிறுத்தப் பாடுபட வேண்டாம். நாம் கேட்பது விழாத, வலிக்காத உடம்பு. பார்ப்பவர் கண்ணுக்கு மற்றவர்களைப் போலத் தெரிய வேண்டும் என்பது அல்ல.

உதவிக்கும் இடம் உண்டு. வட்டார வள மையத்தில் இயன்முறை மருத்துவர் வரும் நாளைப் பள்ளியில் கேளுங்கள். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்குகிறது. வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவும் அதில் அடங்கும்.

அடுத்த வார விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையை வெறுங்காலோடு நடக்கவிட்டு, பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் செல்போனில் வீடியோ எடுங்கள். அதை இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சுக்காகக் காத்திருப்பதில் தவறில்லை. அதுவரை கால்களையும் காக்க வைக்காதீர்கள்.