நான்கு ஆண்டுகளை யார் பார்ப்பது?

காயத்திலிருந்து மீண்ட ஓட்டக்காரரின் காலில் தழும்பு இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. எல்லைக்கோட்டை முதலில் தொட்டால் போதும். ஆணழகன் போட்டிக்குத் திரும்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே உடலே விடைத்தாள். ஒரு தொடை மற்றொன்றைவிடச் சற்று மெலிந்திருந்தாலும், கிழிந்த தசை இடம்மாறித் திரண்டு நின்றாலும் நடுவரின் கண் அங்கேதான் செல்லும். ஆகவே இத்துறையில் 'மீண்டு வருதல்' என்ற சொல்லுக்குத் தனியானதொரு கனம் உண்டு. அதை நாம் சரியாக அளக்கிறோமா என்பதே என் ஐயம்.

பிராங்கோ கொலம்புவை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் சார்டீனியாத் தீவில் பிறந்தவர். அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரின் நெருங்கிய நண்பர். 1976இல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த, உலகின் மிக வலிமையான மனிதரைத் தேர்ந்தெடுக்கும் முதல் போட்டியில், குளிர்பதனப் பெட்டியை முதுகில் சுமந்து ஓடுகையில் அவரது கால் முழங்காலில் பிசகி மடங்கிற்று. மூட்டே விலகிப்போனது. அவர் மீண்டும் ஒலிம்பியா மேடையேறியது 1981இல், தமது நாற்பதாவது வயதில். வென்றார், அத்துடன் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

அந்த வெற்றி இன்றுவரை விவாதத்துக்குரியது. அவரது தொடைகள் பழைய திரட்சியைப் பெறவில்லை என்பது புகைப்படங்களிலேயே தெரியும். இரண்டாமிடம் கிறிஸ் டிக்கர்சனுக்கு. மூன்றாமிடம் டாம் பிளாட்ஸுக்கு. தொடைத் தசைகளுக்காகவே புகழ்பெற்றவர் பிளாட்ஸ் என்பதை எண்ணினால், பார்வையாளர்களின் மனக்குறை விளங்கும். என் கருத்தும் அவர்கள் பக்கமே: மேடையில் மதிப்பிட வேண்டியது அன்றைய உடலை மட்டுமே, அது கடந்துவந்த துயரத்துக்கு மதிப்பெண் இடலாகாது. ஆயினும் பட்டம் பொருந்தாது என்பதால் அவர் மீண்டுவந்தது சிறிதாகிவிடாது. விலகிய மூட்டோடு விழுந்தவர் நான்கு ஆண்டுகள் கழித்து அந்த மேடையில் நின்றதே சாதனை. கோப்பை அதற்குச் சான்றன்று.

நம் உடற்பயிற்சிக் கூடங்களில் காலங்கழிக்கும் இளைஞர்களை இந்தக் கதை எவ்வடிவில் சென்றடைகிறது? கைப்பேசித் திரையில் விழுந்த காட்சி; அடுத்த நொடியே கோப்பையை உயர்த்தும் காட்சி. இடையிலிருந்த நான்கு ஆண்டுகள் வெட்டி எறியப்படுகின்றன. உண்மையில் மீட்சி நிகழ்ந்ததோ அந்த வெட்டப்பட்ட பகுதியில்தான்.

உடற்கூறு அவசரத்தை மன்னிப்பதில்லை. அசைவின்றிக் கட்டுப்போட்ட காலில் தொடைத் தசை சில வாரங்களிலேயே வற்றத் தொடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை தேறிய பின்னும் அது தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். தசை தயாராகிவிட்டது என்று கண்ணாடி சொல்லும் நாளில் தசைநாண் தயாராக இருப்பதில்லை. முழங்கையருகே பைசெப்ஸ் தசைநாண் முற்றிலும் அறுந்தால், சில வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நலம். பிந்தினால் தசை மேலேறிச் சுருங்கிவிடும். வலியை மறைத்து எடை தூக்கும் இளைஞன் இழப்பது அந்த வாரங்களைத்தான்.

பிரிட்டனின் டோரியன் யேட்ஸ் 1994இல் இடக்கை பைசெப்ஸ் கிழிந்தும் ஒலிம்பியாவை வென்றார். 1997இல் ட்ரைசெப்ஸ் கிழிந்த நிலையிலும் வென்று, அதோடு ஓய்வு பெற்றார். எட்டு முறை வென்ற ரோனி கோல்மனோ பல முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பின் இன்று ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறார். தம் வாழ்வைக் குறித்து வருந்தவில்லை என்றே அவர் சொல்லிவருகிறார். அது அவரது உரிமை. ஆனால் அந்த விலையைக் கொடுக்கத் தெரிந்தே துணிந்தவர் வேறு. விலை இன்னதென்று அறியாமலே அவரைப் பின்பற்றுகிறவர் வேறு.

எனவே மீண்டுவந்தவர்களைக் கொண்டாடுவோம். கொண்டாடும்போது, எத்தனை காலம் காத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வோம். உங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி அடுத்த எடையை நோக்கி நகர்ந்தால், கைதட்டாதீர்கள். கீழே வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.