புகைபோக்கிச் சிறுவர்களும் நம் கண்ணீரும்

சிம்னி என்றதும் நம்மில் பலருக்கு அரிக்கேன் விளக்கின் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் அதைக் கழற்றி, கரி போகச் சாம்பல் தொட்டுத் துடைக்கும் வேலை வீட்டுச் சிறுவர்களுக்கே விடப்பட்டிருந்தது. பெரியவர்களின் கை உள்ளே போகாது, சின்னக் கை போகும் என்பதே காரணம். இதே காரணத்தைச் சொல்லித்தான் இங்கிலாந்து நூறாண்டுகளுக்கும் மேலாகத் தன் வீடுகளின் செங்கற் புகைபோக்கிகளுக்குள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளை ஏற்றியது. அங்கே முழு உடலும் உள்ளே போயிற்று.

அந்தப் பிள்ளைகளை நாம் பெரும்பாலும் அறிந்தது வில்லியம் பிளேக்கின் இரு கவிதைகள் வழியாக. 1789-இல் ஒன்று, 1794-இல் மற்றொன்று. இவற்றைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாய்பாடு ஒலிக்கும்: கவிஞன் கண்ணீர் விட்டான், சமூகத்தின் மனசாட்சி விழித்தது, சட்டம் வந்தது, சிறுவர்கள் மீண்டார்கள். இலக்கியத்தின் ஆற்றலுக்குச் சான்று கேட்பவர்களிடம் நாம் எடுத்து நீட்டும் கதைகளில் இதுவும் ஒன்று. இக்கதையை நாம் கைவிட வேண்டும். வரலாற்றின் கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

முதலில் புகைபோக்கியைப் பார்ப்போம். விறகு எரித்த காலத்துக் கணப்புகளின் புகைபோக்கிகள் அகலமானவை. பதினேழாம் நூற்றாண்டில் நிலக்கரி வீட்டு எரிபொருளாகப் பரவியபோது குழல் குறுகியது. 1666-இன் பெருந்தீக்குப் பின் லண்டனில் எழுந்த பல மாடி வீடுகளில், சுவருக்குள் வளைந்து வளைந்து ஏறும் குழல்கள் அமைந்தன. பதினான்கு அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம் என்பது வழக்கமான அளவு. அதைவிடக் குறுகியவையும் உண்டு. புகைக்கரி உட்சுவரில் படியும். படிந்தது தடித்தால் புகை அறைக்குள் திரும்பும், அல்லது அக்கரியே தீப்பற்றிக்கொள்ளும். எனவே அதைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். முழங்கால்களையும் முழங்கைகளையும் சுவரில் ஊன்றி, தலைக்கு மேல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிறுவன் ஏறினான். தோல் உரிந்த இடங்களில் உப்புநீர் தேய்த்துக் காய்ப்பேற்றினார்கள். குழலில் சிக்கி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. தப்பி வளர்ந்தவர்களுக்கு விதைப்பையில் வந்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் எழுதினார். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் பதிவுசெய்த முதல் நேர்வாக இது கருதப்படுகிறது. ஆக, பிளேக்கின் முதற்கவிதைக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே செய்தி அச்சில் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்லிக்கொள்ள வழியில்லை.

இனிச் சட்டங்கள். 1788-இன் முதற்சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிலில் சேர்க்கக் கூடாது என்றது. 1834-இன் சட்டம் அதைப் பத்து வயதாக உயர்த்தியது. 1840-இன் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாத எவரும் புகைபோக்கிக்குள் ஏறக் கூடாது என்றது. 1864-இன் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. சட்டப் புத்தகம் தடித்துக்கொண்டே போக, சிறுவர்களும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1875 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜை அடுத்த ஃபுல்போர்னில் இருந்த மனநல விடுதியின் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற பதினொரு வயதுச் சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். அவன் பிழைக்கவில்லை. ஏற்றிவிட்ட மேஸ்திரிக்கு ஆறு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பிளேக்கின் முதற்கவிதை வெளிவந்து அப்போது எண்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்கு சட்டங்களும் ஏன் தோற்றன? மாற்றுவழி இல்லாததால் என்று சொல்வதற்கில்லை. சிறுவர்களை ஏற்றும் தேவையையே ஒழிப்பதற்கென்று 1803-இல் லண்டனில் ஒரு சங்கம் அமைந்து, அதற்கான கருவிக்குப் பரிசும் அறிவித்தது. ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், உள்ளே கயிறு ஓடும் குழாய்த் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து உச்சியில் துடைப்பம் பொருத்திய ஒரு கருவியைச் செய்தளித்தார். 1828-இல் ஜோசப் கிளாஸ் வளைந்துகொடுக்கும் பிரம்புகளைக் கொண்டு அதை மேம்படுத்தினார். இன்று இத்தொழிலில் இருப்பவர்கள் கையாளும் கோலும் துடைப்பமும் அந்த வழியில் வந்தவைதாம்.

கருவி இருந்தது, அதை விரும்பி அழைத்த வீடுகள் குறைவாகவே இருந்தன. கருவி போட்டால் கம்பளத்தில் கரி கொட்டும். எங்கள் வீட்டுக் குழலில் வளைவு அதிகம். பையன் ஏறினால்தான் சுத்தமாகும். நாளை தீப்பிடித்தால் யார் பொறுப்பு? இவை வீட்டுக்காரர்கள் தரப்பின் வாதங்கள். வளைவு இருக்கும் இடத்தில் சுவரைத் துளைத்து ஒரு சிறு கதவு வைத்தால் கருவி போய்விடும். ஆனால் அது கொத்தனார் வேலை, செலவு வீட்டுக்காரருடையது. பையனை ஏற்றினால் ஆகும் சேதம் வேறொருவருடைய பிள்ளைக்கு. மேஸ்திரிகளைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது நமக்கு எளிது. அந்த மேஸ்திரியைக் கதவு திறந்து உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் கூலி கொடுத்து அனுப்பியவர் கண்ணியமான வீட்டுக்காரர். அவரே நம் வகுப்பைச் சேர்ந்தவர். புத்தகம் வாங்கிப் படித்தவர்.

அவர் படித்தவை எவை? 1817 முதல் 1819 வரையிலான ஆண்டுகளில் சிறுவர்களை ஏற்றுவதைத் தடை செய்யும் முயற்சிகள் மக்கள் சபையைக் கடந்தும் பிரபுக்கள் சபையில் தோற்றன. 1819-இல் எடின்பரோ ரெவ்யூ இதழில் சிட்னி ஸ்மித் அச்சிறுவர்களின் துயரங்களை ஒவ்வொன்றாக விவரித்துவிட்டு, முழுத்தடை விதித்தால் சொத்துக்குச் சேதமும் தீயபாயமும் மிகும் என்று முடித்தார். சார்லஸ் லாம் 1822-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவர்களின் அதிகாலைக் குரலையும் கரிமுகத்தில் மின்னும் வெள்ளைப் பற்களையும் வியந்து, வழியில் கண்டால் காசு கொடுங்கள் என்றார். அருமையான உரைநடை, மறுப்பில்லை. காசு கொடுத்தவர் வீட்டுக் குழலில் மறுநாள் ஏறப்போவது யார் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. இவர்களுக்கு முன்பே, எலிசபெத் மாண்டேகு என்ற இலக்கியச் சீமாட்டி ஆண்டுதோறும் மே முதல் நாளில் தம் லண்டன் மாளிகையில் இச்சிறுவர்களுக்கு இறைச்சியும் புட்டிங்கும் பரிமாறி விருந்து வைத்தார். அந்த மாளிகைக்கும் புகைபோக்கிகள் இருந்தன. விருந்துநாள் போக ஆண்டில் மீதி 364 நாட்கள் இருந்தன.

பிளேக்கை இந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். அவருடைய இரண்டாம் கவிதை பெற்றோரையும் தேவாலயத்தையும் அரசனையும் நேராகவே குற்றம் சாட்டுகிறது. வாசக உலகம் கையில் எடுத்துக்கொண்டது தேவதை வந்து ஆறுதல் சொல்லும் முதற்கவிதையை. 1824-இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி இச்சிறுவர்களுக்காகவே ஒரு தொகைநூல் கொண்டுவந்தபோது அதில் இடம்பெற்றதும் அந்த முதற்கவிதையே. குற்றம் சாட்டும் கவிதையை ஒதுக்கிவிட்டு அழவைக்கும் கவிதையை வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கும் அந்நியமானதில்லை. சார்ல்ஸ் கிங்ஸ்லியின் ‘வாட்டர் பேபீஸ்’ 1863-இல் நூலானது. அதுவே 1864-இன் சட்டத்துக்கு உந்துதல் என்பார்கள். இருக்கட்டும். அந்தச் சட்டம் ஜார்ஜ் புரூஸ்டரைக் காப்பாற்றவில்லை.

பிறகு எதுதான் காப்பாற்றியது? புரூஸ்டர் இறந்த அதே 1875-இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் நிறைவேறிய சட்டம். உணர்ச்சிக்கு இடமே தராத, அலுப்பூட்டும் ஆவணம் அது. புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்பவர் காவல்துறைத் தலைவரிடம் சான்றிதழ் பெற வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சட்டம் மீறப்படாமல் பார்ப்பது காவலர் பொறுப்பு. இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. உரிமம் வேண்டும் என்ற ஷரத்து 1788-இன் மசோதாவிலேயே இருந்தது. பிரபுக்கள் சபை அதை நீக்கிவிட்டுத்தான் மசோதாவை நிறைவேற்றியது. அந்த ஒரு ஷரத்து திரும்பி வர எண்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன. இடையில் வந்தவை கவிதைகள், விருந்துகள், தொகைநூல்கள்.

கவிதைகள் இல்லாவிட்டால் சட்டம் கேட்கும் மனமே உருவாகியிருக்காதே என்று நண்பர்கள் கேட்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மனம் கனிந்தவர்களுக்கு அந்த எண்பத்தேழு ஆண்டுகளில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. கனிந்த மனத்தோடே தம் வீட்டுப் பழைய ஏற்பாட்டைத் தொடர முடிந்தது என்பதே நம் குற்றச்சாட்டு. அழுது முடித்த நிறைவு, செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிறைவைப் போலவே இருக்கிறது. இந்த ஒற்றுமையில்தான் இலக்கிய வாசகன் ஏமாறுகிறான்.

இன்று அந்நாடுகளில் இத்தொழில் எப்படி நடக்கிறது என்பதையும் காண வேண்டும். கணப்பின் வாயைத் துணியால் மூடி, கோல்களைக் கோத்துத் துடைப்பத்தை உச்சிவரை செலுத்துகிறார்கள். விழும் கரியை உறிஞ்சுகருவியால் எடுக்கிறார்கள். புகைவிட்டுக் கசிவு பார்க்கிறார்கள். ஈர விறகு எரித்தால் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவு குழலில் ஒட்டும். அது எளிதில் தீப்பற்றும். பறவைக் கூடோ கரியோ அடைத்துக்கொண்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறையில் தங்கி, உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். ஆகவேதான் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிமுறை சொல்கிறது. ஜெர்மனியில் 2013 முதல் துடைப்பவரை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வட்டாரத்துக்குரிய அதிகாரம் பெற்றவர் ஏழாண்டுகளில் இருமுறை வந்து அடுப்பையும் குழலையும் பார்வையிடுவார். எதை எப்போது துடைக்க வேண்டும் என்று அவர் எழுதித் தருவது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும். பிரிட்டனில் 1875-இன் சட்டம் 1938-இல் நீக்கப்பட்டது. இப்போது அங்கே இத்தொழிலுக்குக் கட்டாய உரிமம் இல்லை. தொழிற்சங்கங்கள் தாமாக முன்வந்து உறுப்பினர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகின்றன.

நன்றாகத்தானே எரிகிறது, வருஷாவருஷம் எதற்குக் காசு என்று கேட்கும் வீட்டுக்காரர் இன்றும் இருக்கிறார். அதே வீட்டுக்காரர், கரிமுகத் தொழிலாளியைக் கண்டால் அதிர்ஷ்டம் என்ற பழைய நம்பிக்கையின் பெயரால் மகளின் திருமணத்துக்கு ஒருவரை வரவழைத்துப் படம் எடுத்துக்கொள்வார். 1964-இன் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் அவர்கள் கூரைமேல் ஆடிப் பாடியதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். கரி அழகான வேடமாகிவிட்டது. பராமரிப்பு மட்டும் செலவாகவே நிற்கிறது.

கணப்பே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம் என்ற கேள்வி நியாயமானது. நம் வீட்டில் குழல் மேலே போகவில்லை, கீழே போகிறது. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதை 1993-இன் சட்டம் தடை செய்தது. 2013-இன் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. எந்த நபரும் இதைச் செய்விக்கக் கூடாது என்பதே அதன் வாசகம். வீட்டுக்காரருக்கு அதில் விலக்கு இல்லை. முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சாவுகள் நிற்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உறிஞ்சும் லாரி தெருமுனையில் நிற்கிறது. அடியில் கட்டி தட்டிப் போயிருக்கிறது, ஆள் இறங்கினால்தான் சுத்தமாகும் என்கிறோம். பையன் ஏறினால்தான் சுத்தமாகும் என்ற அதே வாக்கியம்தான் இது.

இத்தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் கவிதைகளும் கதைகளும் ஆவணப் படங்களும் வந்திருக்கின்றன. நாமும் படித்தோம், பார்த்தோம், நெகிழ்ந்தோம். அடுத்த கூட்டத்தில் அவற்றைப் பாராட்டிப் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் வீட்டுத் தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம்? யார் வந்தார்கள்? ஆள் உள்ளே இறங்கினாரா? இறங்க வேண்டாம் என்று நம்மில் யாராவது சொன்னோமா?